உதையும் பிடியும் இல்லாத குத்துச்சண்டையைக் கற்று என்ன பயன்?

கேள்வி இதுதான்: தாய்லாந்தின் சண்டைக் கலையான முய் தாயில் கை, முழங்கை, முழங்கால், கால் என்று எல்லாமே ஆயுதம். ஜூடோவில் தூக்கி எறியலாம், ஜியு-ஜிட்சுவில் தரையில் போட்டு மடக்கலாம். குத்துச்சண்டையிலோ இரண்டு கை மட்டும். அடிப்பதும் இடுப்புக்கு மேலே, முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும்தான். இவ்வளவு குறுகிய ஒன்றைக் கற்க ஏன் வருடக்கணக்கில் மெனக்கெட வேண்டும்?

குறுகியது என்பதை மறுக்க முடியாது. அந்தக் குறுகலால்தான் அது இவ்வளவு கூர்மையானது, அதனால்தான் அதில் பெரிய ஓட்டைகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்பு புரியும்.

இந்தக் குறுகல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் வெறுங்கைச் சண்டையில் இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கிப் போடலாம். அதனால் அன்றைய ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து, சற்றுப் பின்னால் சாய்ந்து, கையை நீட்டி வைத்து நின்றார்கள். பழைய படங்களில் அந்த நிலை இன்று வேடிக்கையாகத் தெரியும்; அந்த விதிகளுக்கு அது சரிதான். 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் பிடித்து எறிவதைத் தடுத்தன, கையுறையைக் கட்டாயமாக்கின, 3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு, விழுந்தவர் எழ 10 நொடி என்று வகுத்தன. கையுறை காப்பாற்றுவது முதலில் அடிப்பவரின் கையை. கை உடையாது என்றானதும் தலைக்கு விழும் குத்துகள் பெருகின. தலையை அசைத்துத் தப்பும் கலையும், குத்துகளைக் கோர்த்து அடிக்கும் முறையும் அதற்குப் பிறகு வளர்ந்தவை. பிடி போனது, கை கூர்மையானது. எல்லாக் கலையிலும் விதிதான் உடம்பைச் செதுக்குகிறது.

அந்தக் கூர்மை எப்படிப்பட்டது என்பதற்கு ஜாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடது கால் முன்னால் வைத்து நிற்பவருக்கு அது இடது கையின் நேர்க்குத்து. பார்த்தால் கையை நீட்டி மடக்குவது போலத்தான் இருக்கும். நடப்பது வேறு. பின்குதிகால் சற்றுத் தூக்கியிருக்கும். அந்தக் காலால் தரையை உந்த, முன்கால் அரைச் சாண் முன்னே வழுக்கும். கால் ஊன்றும் கணமும் முட்டி படும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் முதலில் ஊன்றி, கை பிறகு போனால் உடம்பின் எடை குத்தில் சேராது. முழங்கை விலாவை ஒட்டியே கிளம்பும். கடைசி மூன்று நான்கு அங்குலத்தில்தான் மணிக்கட்டு திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும். அதே நேரத்தில் இடது தோள் உயர்ந்து தாடையின் இடப்பக்கத்தை மறைக்கும். வலது கை கன்னத்தை விட்டு அசையாது. போன வழியிலேயே, போன வேகத்திலேயே கை திரும்பும்.

புதியவர்களிடம் இதில் நான்கு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். முழங்கை முதலில் பக்கவாட்டில் எழும். கோழி இறக்கை விரிப்பது போல இருக்கும், குத்து வருவதை எதிராளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். கை திரும்பும்போது தாழ்ந்து மார்பு வழியாக வரும். அந்த இடைவெளியில் எதிராளியின் வலது நேர்க்குத்து மேலே ஏறிவரும். இடது கை போகும்போது வலது கையும் கூடவே கீழே இறங்கும். தாடை முன்னால் நீளும். நான்கையும் களைய மூன்று மாதம் ஆகும். உடம்பு சோர்ந்ததும் நான்கும் திரும்ப வரும். ஒரு குத்துக்கே இந்தக் கணக்கு. மொத்தம் ஜாப், கிராஸ் (பின்கையின் நேர்க்குத்து), ஹுக் (பக்கவாட்டில் வளைந்து வருவது), அப்பர்கட் (கீழிருந்து மேலே ஏறுவது) என்று நான்கு வகைதான். தலை, உடம்பு, இடது, வலது என்று பிரித்தாலும் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டாது. சில கராத்தே பள்ளிகள் முதல் இரண்டு பெல்ட்டுக்குள் சொல்லித்தரும் அசைவுகள் இதைவிட அதிகம். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கான முறை, எதிர்க்கிற ஆளின் மேலேயே பழக முடிகிறது.

எதிர்க்கிற ஆள் என்பதுதான் முக்கியம். கலைகளை ஒப்பிடும்போது "எது சிறந்த உத்தி" என்று கேட்பதைவிட "எப்படிப் பழகுகிறார்கள்" என்று கேட்பது பயன் தரும். கண்ணைக் குத்து, தொண்டையில் வெட்டு, விரலை ஒடி என்று கற்றுத்தரும் வகுப்புகள் ஏராளம். கூட்டாளியின் கண்ணை நிஜமாகக் குத்திப் பழக முடியாது; அதனால் காற்றில் பழகுவார்கள், கூட்டாளியும் ஒத்துழைப்பார். நிஜத்தில் ஒத்துழைக்காத ஆள் வந்தால் முதல் நொடியிலேயே எல்லாம் கலைந்துவிடும். குத்துச்சண்டையில் மூன்றாவது மாதம் முதல் உங்கள் மூக்கைத் தேடி ஒரு கை வந்துகொண்டே இருக்கும். தூரத்தை அளக்க, கண்ணை மூடாமல் பார்க்க, அடிபட்ட பிறகும் மூச்சைச் சீராக விட, பதற்றத்தில் கை தானாக உயர என்று உடம்பு கற்றுக்கொள்வது ஸ்பாரிங் எனப்படும் இந்த மோதல் பயிற்சியில்தான். மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு, முய் தாய் ஆகியவற்றிலும் இந்தக் குணம் உண்டு. குத்துச்சண்டையின் உண்மையான உறவினர்கள் அவைதான். மேடையில் ஓடு உடைக்கும் கூட்டம் இந்த உறவில் சேராது.

இனி ஓட்டைகள்.

முதலாவது, பிடி. நெருங்கிக் கட்டிக்கொண்டால் குத்துச்சண்டையில் நடுவர் வந்து பிரித்துவிடுவார். அதனால் குத்துச்சண்டைக்காரருக்குக் கிளிஞ்ச் என்பது ஓய்வெடுக்கும் இடம். மல்யுத்தக்காரருக்கு வேலை தொடங்குவதே அங்கேதான். 1993 நவம்பர் 12-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த முதல் யுஎஃப்சி போட்டியில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசியை எதிர்த்தார். கிரேசி அவரைக் கீழே தள்ளி மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தார். எந்தப் பூட்டும் முழுதாக விழும் முன்பே, இதிலிருந்து எழுவது எப்படி என்று தெரியாமல், ஜிம்மர்சன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் சுமாரான ஆள், அதனால்தான் என்று சொல்பவர்கள் 2010 ஆகஸ்டைப் பார்க்கலாம். பல எடைப் பிரிவுகளில் உலக சாம்பியனாக இருந்த ஜேம்ஸ் டோனி, மல்யுத்தப் பின்னணி கொண்ட ராண்டி கூட்யூரை எதிர்த்தார். கூட்யூர் தாழ்ந்து வந்து கணுக்காலைப் பிடித்தார், அவ்வளவுதான். முதல் ரவுண்டிலேயே கழுத்து நெரிப்பில் ஆட்டம் முடிந்தது. தாழ்ந்து வரும் ஒருவரைக் குத்தால் நிறுத்த உங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், அதுவும் அரை நொடிக்குள். அப்பர்கட் சரியாகப் பட்டால் சரி. தவறினால் இரண்டாவது குத்துக்கு இடமே இருக்காது.

இரண்டாவது, கால். குத்துச்சண்டை நிலையில் முன்கால் எதிராளிக்கு அருகில் இருக்கிறது, பாதம் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, குத்தும்போது எடை அதன் மேலேயே ஏறுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் தொடையின் வெளிப்பக்கமும் கெண்டைக்காலும் உதைக்கு வாகாகக் காத்திருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், பாதத்தைத் தூக்கும் நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. அந்த இடத்தில் இரண்டு மூன்று உதை பலமாக விழுந்தால் பாதம் மடங்கித் தொங்கும். நடக்கவே முடியாது, பிறகு எங்கே ஃபுட்வொர்க் (கால் நகர்வு)? 1988-இல் ரிக் ரூஃபஸ் என்ற அமெரிக்க கிக்பாக்ஸர் தாய்லாந்தின் சாங்புவெக் கியாட்சோங்ரிட்டை முதல் ரவுண்டிலேயே குத்தி வீழ்த்தினார், தாடையையும் உடைத்தார். ரூஃபஸ் பழகிய விதிகளில் இடுப்புக்குக் கீழே உதை கிடையாது. தாடை உடைந்தவர் தொடையை உதைத்துக்கொண்டே இருந்தார். நான்காவது ரவுண்டோடு நிற்க முடியாமல் போனது ரூஃபஸுக்குத்தான். அதற்கும் முன்பு, 1976 ஜூனில் டோக்கியோவில் முகமது அலி, மல்யுத்தக்காரர் அன்டோனியோ இனோக்கியைச் சந்தித்தார். தனியாக வகுத்த விதிகள் இனோக்கியின் கையைப் பெரிதும் கட்டிப்போட்டிருந்ததால், அவர் பெரும்பாலான நேரம் மல்லாந்து படுத்தபடியே அலியின் கால்களை உதைத்தார். 15 ரவுண்டு, சமநிலை. பார்த்தவர்களுக்குச் சலிப்பு, அலியின் கால்களுக்கோ பலத்த காயம்.

மூன்றாவது ஓட்டையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. குத்துச்சண்டையின் தற்காப்பில் பாதி, தலையை நகர்த்துவதும் பெரிய கையுறைகளுக்குப் பின்னால் ஒளிவதும். இடுப்பை வளைத்துக் குனிந்து தப்பும் பழக்கம் முய் தாயில் முழங்காலுக்கு முகத்தைத் தட்டில் வைத்துத் தருவதற்குச் சமம். பக்கவாட்டில் சாய்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்து தலைக்கு உதை வரும். 16 அவுன்ஸ் கையுறைகளை முகத்துக்கு முன்னால் சேர்த்து வைத்தால் நல்ல சுவர். வெறும் முட்டிகளைச் சேர்த்து வைத்தாலோ நடுவில் ஒரு சந்து தெரியும், குத்து அதில் நுழையும்.

எதிர்த்திசையிலும் கதை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்ற ரோண்டா ரௌஸி யுஎஃப்சியில் யாராலும் தொட முடியாதவராக இருந்தார். 2015 நவம்பரில் மெல்போர்னில் அவரை வீழ்த்தியவர் குத்துச்சண்டையில் உலகப் பட்டங்கள் வென்ற ஹோலி ஹோம். முடித்தது தலைக்கு விழுந்த உதை என்பதால் பலர் அதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த உதைக்கு முந்தைய நிமிடங்களைப் பாருங்கள். ரௌஸி நேராகப் பாய்ந்து வரும் ஒவ்வொரு முறையும் ஹோம் இடது நேர்க்குத்தை வைத்துவிட்டு ஒரு அடி பக்கவாட்டில் போனார். பிடிக்க வந்த கை காற்றைப் பிடித்தது. ஜூடோவை ஜூடோவால் எதிர்க்கவில்லை, தூரத்தால் எதிர்த்தார். கிளிஞ்சிலிருந்து விடுபடவும் அவர் பழகியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் குத்துச்சண்டையோடு வந்திருந்தால் முதல் ரவுண்டிலேயே முடிந்திருக்கலாம்.

வெளியாள் குத்துச்சண்டை வளையத்துக்குள் வந்தால் என்ன ஆகிறது என்பதற்கு யுஎஃப்சியின் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஃபிரான்சிஸ் இங்கானு நல்ல உதாரணம். 2023 அக்டோபரில் குத்துச்சண்டை உலக சாம்பியன் டைசன் ஃப்யூரியை மூன்றாவது ரவுண்டில் ஒருமுறை தரையில் விழவைத்து, நடுவர்கள் பிளவுபட்ட முடிவில்தான் தோற்றார். 2024 மார்ச்சில் முன்னாள் உலக சாம்பியன் ஆண்டனி ஜோஷுவா அவரை இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார். பலசாலி ஒருமுறை ஆச்சரியப்படுத்தலாம். தயாராக வந்த நிபுணரை அவருடைய விதிக்குள்ளேயே வெல்வது வேறு விஷயம்.

ஒவ்வொரு கலையோடும் தனித்தனியாக ஒப்பிட்டால்:

முய் தாய் மிக நெருங்கிய போட்டியாளர். நின்று அடிப்பதற்கு ஒன்றே ஒன்றைத்தான் கற்க முடியும் என்றால் முய் தாயைத்தான் பரிந்துரைப்பேன். ஆயுதங்கள் அதிகம், கிளிஞ்ச் உண்டு, உதையைத் தடுக்கவும் கற்பீர்கள். ஆனால் தாய்லாந்தின் மரபான புள்ளிக் கணக்கில் உதைக்கும் முழங்கால் இடிக்கும் கிடைக்கும் மதிப்பு குத்துக்குக் கிடைப்பதில்லை. அதனால் சராசரி முய் தாய்க்காரரின் கை சராசரி குத்துச்சண்டைக்காரரின் கையைவிட மெதுவானது, தலை அசைவு குறைவு. இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு சாமார்ட் பயாக்கரூன் சாட்சி: முய் தாயில் சாம்பியன், 1986-இல் குத்துச்சண்டையிலும் உலகப் பட்டம். நெதர்லாந்து கிக்பாக்ஸிங் இதையே பாடமாக்கிவிட்டது. மூன்று நான்கு குத்துகளால் கார்டை (காக்கும் கைகளை) மேலே இழுத்து, கடைசியில் தொடையில் ஒரு உதை.

டேக்வாண்டோவின் ஒலிம்பிக் விதியில் முகத்தில் குத்தக் கூடாது. உடம்பில் குத்தினால் 1 புள்ளி, தலைக்கு உதைத்தால் 3. அப்படியென்றால் யார் கையை உயர்த்தி வைப்பார்கள்? காலின் வேகம் அபாரம். கை தொங்கும், தாடை திறந்திருக்கும். கியோகுஷின் கராத்தே அதற்கு நேர் எதிர்: வெறுங்கையோடு முழு பலத்தில் அடிப்பார்கள், ஆனால் தலைக்குக் குத்து கூடாது. அதனால் மார்போடு மார்பு நின்று அடிக்கப் பழகுகிறார்கள். தாங்கும் சக்தியும் தொடை உதையும் வியக்க வைக்கும். முகத்துக்கு வரும் முதல் ஹுக் அவர்களுக்குப் புதிது. தொட்டதும் நிறுத்தும் கராத்தே வகைகளில் தூரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் நுழையும் திறமை குத்துச்சண்டைக்காரரும் கற்க வேண்டியது. நுழைந்த பிறகு என்ன என்பதில்தான் இடறுவார்கள்.

ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு ஆகியவற்றோடு "எது பெரியது" என்ற கேள்வியே பொருந்தாது. அவை விட்ட இடத்தை இது நிரப்புகிறது, இது விட்ட இடத்தை அவை நிரப்புகின்றன. அவற்றுக்கும் விதி தரும் குருட்டு மூலைகள் உண்டு. ஜூடோவில் 2010-இல் தொடங்கி 2013-க்குள் காலைப் பிடிப்பது முழுவதும் தடையானது. ஜியு-ஜிட்சு போட்டியில் மல்லாந்து படுத்து ஆடுவது நல்ல உத்தி. மேலே இருப்பவர் குத்தலாம் என்றால் அதே நிலை ஆபத்து.

தெருவில், அதாவது தற்காப்புக்கு? பெரும்பாலான கைகலப்புகள் அடுத்தவர் வீசும் வலது கை வீச்சில் தொடங்குகின்றன. அகலமாக, மெதுவாக, தோளிலிருந்து வரும். அதைப் பார்க்கவும், ஒரு அடி விலகவும், நின்றபடியே இருக்கவும் ஆறு மாதக் குத்துச்சண்டை போதும். வேறு எந்தக் கலையும் இதை இவ்வளவு சீக்கிரம் தராது. ஆனால் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, கை. கையில் 27 எலும்புகள், பெரும்பாலும் சிறியவை. நெற்றி எலும்பு தடித்தது. கட்டும் கையுறையும் இல்லாமல் தலையில் குத்தினால், குறிப்பாக வீசி அடித்தால், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்பு, விரல் முட்டிக்குச் சற்றுக் கீழே குறுகும் இடத்தில் முறியும். இந்த முறிவுக்கே குத்துச்சண்டையின் பெயரைத்தான் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். நல்ல குத்துச்சண்டைக்காரருக்கு அது அதிகம் வராது என்பது தனி வேடிக்கை. அவர் ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளால் அடிப்பார். இரண்டு, குத்துப்பட்டு மயங்கியவர் கான்கிரீட்டில் விழுந்தால் அந்த விழுதலே உயிரைப் பறிக்கலாம். வளையத்தின் மெத்தை வெளியே கிடையாது. மூன்று, கத்தியோ இரண்டாவது ஆளோ வந்தால் கற்ற ஃபுட்வொர்க்கை ஓடுவதற்குப் பயன்படுத்துங்கள். மூச்சு தாங்கும், அதற்குத்தானே ரவுண்டு ரவுண்டாகக் கயிறு தாண்டினீர்கள்.

மதிப்பைப் பேசும்போது விலையையும் பேச வேண்டும். இந்த ஒப்பீட்டில் குத்துச்சண்டை தெளிவாகத் தோற்கும் இடம் மூளை. 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற நோயியல் மருத்துவர், பல வருடம் தலையில் அடிவாங்கியவர்களின் தள்ளாட்டத்தையும் பேச்சுக் குழறலையும் மருத்துவ இதழில் விவரித்தார். ஜூடோவில் தோள் போகும், ஜியு-ஜிட்சுவில் முழங்காலும் விரலும் போகும். அவை வலிக்கும், பெரும்பாலும் ஆறும். தலைக்கவசம் இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மூளை மண்டைக்குள் திருகிக் குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் தலைக்கவசம் இல்லாமலேயே ஆடினார்கள். சேதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போட்டி நாளைவிடப் பயிற்சி நாட்கள்தான்: வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு பலமாகத் தலையில் அடி வாங்குகிறீர்கள் என்பது.

இதைக் குறைக்க வழி இருக்கிறது, நல்ல பயிற்சியாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஸ்பாரிங்கில் பெரும்பகுதியைக் கட்டுப்படுத்திய விளையாட்டாக வைப்பார்கள்: ஒரு ரவுண்டு ஜாப் மட்டும், ஒரு ரவுண்டு உடம்பில் மட்டும், ஒரு ரவுண்டு ஒருவர் அடிக்க மற்றவர் தப்ப மட்டும். வேகம் முழுதாக, பலம் மூன்றில் ஒரு பங்காக. உடம்பில் குத்துவதை மட்டும் பழகுவது வீண் என்று நினைக்க வேண்டாம். வலப்பக்கக் கீழ் விலாக்களுக்குப் பின்னால் கல்லீரல் இருக்கிறது. இடது ஹுக் அங்கே சரியாகப் பட்டால் அரை நொடி ஒன்றும் ஆகாது. பிறகு கால்கள் தானாக மடங்கும், மூச்சு வராது, மனம் தெளிவாக இருக்கும், எழத்தான் முடியாது. தலையைத் தொடாமலேயே சண்டையை முடிக்கும் குத்து அது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, அடிபட்ட நேரம் மறந்துபோவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. மருத்துவரிடம் போக வேண்டும். அறிகுறி முழுதும் போகும்வரை ஸ்பாரிங் கிடையாது.

பயிற்சிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும்: ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். முதல் வாரம் வந்தவரை வளையத்துக்குள் அனுப்பி, பழையவர் அவரை அடிப்பதைச் சிரித்துக்கொண்டு பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள். பல் காப்பு இல்லாதவரை உள்ளே விடுகிறார்களா, அடிபட்டவர் தடுமாறும்போது பயிற்சியாளர் ரவுண்டை நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். ஒரு நல்ல வகுப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்: கயிறு 3 ரவுண்டு, நிழல் சண்டை (காற்றில் குத்திப் பழகுவது) 3, பேக் (தொங்கும் குத்துப் பை) 4 அல்லது 5, பேடில் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தை) 2 அல்லது 3, ஜோடிப் பயிற்சி 3 அல்லது 4. பேக்கை மட்டும் அடிக்கவைத்து வியர்க்கவிட்டு அனுப்பும் இடம் உடற்பயிற்சிக்குச் சரி. பேக் திருப்பி அடிக்காது என்பதால் கை தாழ்ந்தே பழகிவிடும்.

பொருட்களில் கஞ்சத்தனம் செய்யக் கூடாத இடம் கைக்கட்டு. பெரியவர்களுக்கு 4.5 மீட்டர் நீளம் வேண்டும், 2.5 மீட்டர் கட்டு மணிக்கட்டோடு தீர்ந்துபோகும். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, புறங்கை வழியாகக் கொண்டுவந்து, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல்களுக்கு இடையே ஒவ்வொன்றாக, கட்டைவிரலைச் சுற்றி, மீதியை மணிக்கட்டில் முடிக்க வேண்டும். கட்டும்போது விரல்களை விரித்து வைத்திருங்கள். மடக்கியபடி கட்டினால் பிறகு முட்டி இறுகாது. நுனி நீலம் பாய்ந்தால் அதிக இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். பேக்குக்கு 10 அல்லது 12 அவுன்ஸ் கையுறை, ஸ்பாரிங்குக்கு 16. பேக்கில் அடித்து உள்பஞ்சு நைந்துபோன கையுறையோடு கூட்டாளியை அடிப்பது மரியாதை இல்லை.

எந்த வரிசையில் கற்பது என்றால், முதல் ஒன்றரை வருடம் வாரம் மூன்று நாள் குத்துச்சண்டை மட்டும். பிறகு அதில் ஒரு நாளைக் குறைத்து, வாரம் இரண்டு நாள் மல்யுத்தமோ ஜூடோவோ சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் முதல் நாளிலேயே தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். வயது நாற்பதைத் தாண்டியவர்களும், தலையில் ஏற்கெனவே அடிபட்டவர்களும் கடும் ஸ்பாரிங்கை விட்டுவிட்டு பேட், ஜோடிப் பயிற்சி, உடம்பு ஸ்பாரிங் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டாலும் கிடைக்க வேண்டியதில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

பிற விதிகளுக்குப் போகும்போது குத்துச்சண்டையில் மாற்ற வேண்டியவை சில. முன்பாதத்தை எதிராளியை நோக்கி நேராக்கி, நிலையைச் சற்றுக் குறுக்குங்கள். உதை வரும்போது முன்காலைத் தூக்கி முழங்காலை வெளியே திருப்ப முடிய வேண்டும். குனிந்து தப்புவதைக் குறைத்து, பின்னால் அரை அடி வழுக்கித் திரும்ப வருவதைப் பழகுங்கள். ஜாப் வைத்ததும் அதே கை எதிராளியின் நெற்றியிலோ கழுத்தோரத்திலோ ஒரு கணம் தங்கி, அவர் தாழ்வதைத் தடுக்கட்டும். மூன்று குத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்காதீர்கள், நான்காவதற்குள் அவர் இடுப்பைக் கட்டிவிடுவார். காலைப் பிடிக்க வருபவரைத் தடுக்கும் ஸ்ப்ராலை ஒவ்வொரு பேக் ரவுண்டிலும் ஐந்து முறையாவது செருகுங்கள். அதில் குத்துச்சண்டைக்காரர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே: கைகளால் தள்ளிக்கொண்டு முழங்கால்களை முதலில் தரையில் இடிப்பார்கள். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பின்னால் பறக்க வேண்டும், முதலில் இறங்க வேண்டியது இடுப்பு, அதுவும் காலைப் பிடிக்க வந்தவருடைய தோள்பட்டை மேல். கால்விரல்கள் தரையில் ஊன்றியே இருந்தால்தான் அங்கிருந்து பக்கவாட்டில் சுழன்று எழ முடியும்.